ஹெட்லைட்டுல ஒரு செம்புத் தண்ணி

...அதைத்தான் சார் நானும் கேக்கறேன்! ஹெட்லைட்டுங்கறது எதுக்கு? வெளிச்சத்துக்கா, மீன் வளக்கறதுக்கா? நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்ல வேண்டாம், மொதல்ல டார்ச்சைக் கொஞ்சம் கீழ புடிங்க... கீழ, கீழ... அது என் மூஞ்சி சார், லைட்டு அங்க இருக்கு. ஆங்... இப்ப நல்லாக் குனிஞ்சு பாருங்க. தெரியுதா? பாதி லைட்டுக்குத் தண்ணி நிக்குது. அதுக்கு மேல ஐஸு மிதக்குது. ஒரு எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு விட்டா, வர்றவங்களுக்கு டம்ளர்ல ஊத்திக் குடுத்துடலாம்.

கையில பை கனக்குதா? கீழ வெச்சுடுங்க, பனியில ஒண்ணும் ஆகாது. பாலா? அப்ப ரொம்ப நல்லது, இந்த ஊர்ல வெளியில வெச்சாத்தான் ஃப்ரிட்ஜு. கொஞ்ச நேரந்தான் சார். டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு வேலை செய்யறவங்க இருக்காங்க, எனக்கு அது ஒத்து வராது, நடுவுல பேச முடியாது பாருங்க. நல்லவேளை நீங்க இந்தப் பக்கம் வந்தீங்க. குரங்குக் குல்லாவைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு, நம்ம ஆளுதான்னு. வெள்ளைக்காரன் எவன் இந்த மாதிரி குல்லா போடறான்? புதுசா? எந்த டவரு? அட, நம்ம டவர்தானா! நாங்க ஒம்பதாவது மாடி. உங்க பேரு... சரி, பேரெல்லாம் நிதானமா அப்புறம் சொல்லுங்க. நான் கல்யாணசுந்தரம். இன்ஜினீயர். ஊர்ல பாலம் கட்டினேன், இங்க அடுத்தவன் கட்டப் போற பாலத்துக்குப் படம் போடறேன். அதை விடுங்க.

இந்த வண்டி இப்ப என்னுது. எனக்கு முன்னாடி யாருது? அதோ எதிர் டவர்ல ஆறாவது மாடி, மஞ்சளா வெளிச்சம் தெரியுது பாருங்க ஜன்னல்ல, அங்க இருக்கானே ரகுநாதன், அவனுது. என் உயிர் சிநேகிதன். ஹாஸ்டல்ல ஒரே ரூமு, ஒரே சோப்பு. ரெண்டு பேரும் ஒரே ப்ளேன்ல வந்து இறங்கினோம். இறங்கினப்ப ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கோட்டுதான் இருந்துச்சு, நான் வெளிய போனா அவன் உள்ள, அவன் வெளிய போனா நான் உள்ள. அப்படிப்பட்டவன். இப்ப பேச்சுவார்த்தை கிடையாது. கடையில பாத்தாக்கூட நான் கூரையைப் பாப்பேன், அவன் தரையைப் பாப்பான். எல்லாம் இந்த லைட்டால வந்த வினை.

எவ்வளவு குடுத்து வாங்கினேன்னு கேக்கறீங்களா? வாங்கல சார். சும்மா குடுத்தான். புது வண்டி எடுத்தான், பழசோட சாவியைக் கொண்டாந்து என் சட்டைப் பையில போட்டுட்டுப் போயிட்டான். "வசுமதிக்கு நேரம் வர்றப்போ நீ டாக்ஸிக்கு நிக்கக் கூடாதுடா"ன்னு சொன்னான். வசுமதி என் வீட்டுக்காரி. நிறைமாசம். அதுக்காகத்தான் குடுத்தான். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்ல வர்றீங்க, உங்க மூஞ்சியிலயே தெரியுது. பல்லை யாரு சார் பாத்தா? நான் கண்ணைத்தான் பாத்தேன். கண்ணு ஒண்ணு அவிஞ்சு கெடக்குது!

இருங்க, இந்த ஸ்க்ரூ திரும்பவே மாட்டேங்குது. சுத்தி ஐஸு உறைஞ்சு போயிருக்கு. அந்த ஃப்ளாஸ்க்கை எடுங்க... ஆமாம், சுடுதண்ணிதான். இப்படி ஓரமா ஊத்தினா... பாருங்க, வெண்ணெய் மாதிரி இளகுது. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு சார், முறை தெரிஞ்சா பலம் வேண்டாம். இந்த வளையத்துல மூணு ஸ்க்ரூதான் கழட்டணும். மத்ததுல கை வெக்கக் கூடாது. அது லைட்டு எந்தப் பக்கம் பாக்கணும்னு திருப்பி வெக்கறதுக்கு. எனக்கு எப்படித் தெரியும்னா, போன வாரம் நல்ல லைட்டுல ஒத்திகை பாக்கலாம்னு அதைத்தான் திருகினேன். இப்ப அது ஆகாசத்தைப் பாக்குது. ராத்திரி வண்டி ஓட்டினா ரோடு தெரியாது, நட்சத்திரம் நல்லாத் தெரியும். ஒண்ணு குருடு, ஒண்ணு மேல் பார்வை. அம்சமான வண்டி.

முதல்ல எனக்குத் தெரியவே தெரியாது சார், லைட்டு போனது. போலீஸ்காரன் சொல்லித்தான் தெரியும். ஜார்விஸ் ஸ்ட்ரீட்டுல வர்றேன், பின்னாடி சிவப்பு லைட்டு சுத்துது. ஏதோ பெரிய மனுஷன் போறான் போலன்னு ஒதுங்கி வழி விடறேன், அவனும் ஒதுங்கறான். இறங்கி வந்து, கையுறை போட்ட விரலால லைட்டைத் தட்டினான். தட்டிட்டு, "ஐயா, இதுல மீன் எப்ப விடப் போறீங்க"ன்னு கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு... சிரிச்சேன். வேற என்ன பண்றது, போலீஸ்காரன் ஜோக்கு சொன்னா சிரிக்கணும். சீக்கிரம் மாத்திடுங்கன்னு சொல்லி விட்டுட்டான், நல்ல மனுஷன். ஆனா அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்லை. சீல் பண்ணின லைட்டு சார் இது! கண்ணாடியும் கண்ணாடியும் உருக்கி ஒட்டினது. எறும்பு நுழைய வழி கிடையாது, தண்ணி எப்படி நுழையும்? யோசிச்சேன். யோசிச்சா விஷயம் வெட்ட வெளிச்சமா இருக்கு. ரகு எங்கயோ வண்டியைத் தண்ணியில இறக்கியிருக்கான். ஏரிக்கரைக்குப் போயிருப்பான், பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சிருப்பான். காலேஜ்ல சைக்கிளையே கெணத்துல விட்டவன். மேல துடைச்சு, பாலிஷ் போட்டு, ஒன்டாரியோ ஏரியில ஒரு செம்புத் தண்ணியை உள்ள வெச்சு என் தலையில கட்டிட்டான்.

கேட்டீங்களான்னு கேக்கறீங்களா? அவனை எதுக்கு சார் தனியாக் கேக்கணும்? தனியாக் கேட்டா சமாளிச்சுடுவான். நாலு பேர் இருக்கற இடத்துலதான் கேக்கணும். அதுக்கும் தோதா ஒரு சபை வாய்ச்சுது.

நம்ம பொங்கல் விழா. நீங்க அப்ப வரலை இல்ல? ஒரு சர்ச்சுல பேஸ்மெண்ட்டை வாடகைக்கு எடுத்தோம். பொங்கல் முடிஞ்சு பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் எடம் கெடச்சுது. சூரியனுக்கு விழா, நடக்கறது பாதாளத்துல. பரவாயில்லை, வெளிய மட்டும் சூரியன் வந்து நின்னுதா என்ன? நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் வந்திருந்தாங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க நாலஞ்சு குடும்பம் வந்திருந்தாங்க. நன்றியுரை என் பொறுப்பு. வருஷா வருஷம் எனக்குத்தான் குடுப்பாங்க. நான் பேசினாத்தான் ஜனம் நிக்கும், மத்தவன் நன்றி சொல்ல ஆரம்பிச்சா எல்லாரும் செருப்பைத் தேட ஆரம்பிச்சுடுவாங்க.

எல்லாருக்கும் நன்றி சொன்னேன். சர்ச்சுக்குச் சொன்னேன், பாத்திரம் குடுத்தவங்களுக்குச் சொன்னேன், ஸ்பீக்கர் வெச்சவனுக்குச் சொன்னேன். கடைசியா, "என் ஆருயிர் நண்பர் ரகுநாதனுக்குத் தனியா ஒரு நன்றி"ன்னேன். அவன் தட்டுல பொங்கலை வெச்சுக்கிட்டு முன் வரிசையில நிக்கறான், பாவி, சிரிச்சுக்கிட்டே தலையாட்டறான். "தாகத்துக்குத் தண்ணிப் பந்தல் வெச்ச தர்மவான்களைக் கேள்விப்பட்டிருக்கோம். ஹெட்லைட்டுக்குள்ளயே தண்ணிப் பந்தல் வெச்சுக் குடுத்த தர்மவானை இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறோம். ஒரு கண்ணு இல்லாத பொண்ணை மூக்குத்தி போட்டு மறைச்சுத் தள்ளின தரகரைப் போல, ஒரு லைட்டு இல்லாத வண்டியை சிநேகிதன் தலையில கட்டின இந்த வள்ளல் வாழ்க!"ன்னு முடிச்சேன். கைத்தட்டல்னா கைத்தட்டல் சார்! பொங்கல் பரிமாறிக்கிட்டிருந்த சர்ச்சு வெள்ளைக்காரம்மாகூட சிரிச்சாங்க, ஒண்ணும் புரியாம.

அவன் தட்டைக் கீழ வெச்சான். வேதவல்லியைப் பாத்தான். வேதவல்லி அவன் சம்சாரம். ரெண்டு பேரும் கோட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் இல்லையா? நான் அப்படித்தான் நினைச்சேன். யாழ்ப்பாணத்துப் பெரியவர் மயில்வாகனம் என் பக்கத்துல வந்து, "நுணலும் தன் வாயால் கெடும் தம்பி. உது சரியில்லை"ன்னாரு. ரகுவைத்தான் சொல்றாருன்னு நினைச்சு அவருக்கும் ஒரு நன்றி சொன்னேன்.

அப்பா... கழண்டுடுச்சு! புடிங்க, புடிங்க, சாய்க்காதீங்க... ஐயோ, உங்க பேண்ட்டா? பரவாயில்லை, வெறும் தண்ணிதான், வீட்டுக்குப் போறதுக்குள்ள விறைச்சுக்கும், தட்டினா உதிர்ந்துடும். பாத்தீங்களா எவ்வளவு தண்ணி! சளக் சளக்குன்னு... பிரசவ வார்டுல பன்னீர்க்குடம் உடைஞ்ச மாதிரி... சே, வாயில என்ன வருது பாருங்க. அந்த நினைப்பாவே இருக்கு.

ஏன்னா டாக்டர் இந்த வாரம்னுட்டாரு. எப்ப வேணாலும் கெளம்ப வேண்டியிருக்கும். பகல்ல வலி வந்தாப் பரவாயில்லை, ராத்திரி வந்தா? ஒரு கண்ணு குருடு, ஒரு கண்ணு ஆகாசம்! அதனாலதான் இன்னிக்கு நானே இறங்கிட்டேன். இல்லேன்னா நான் மாத்தியிருக்கவே மாட்டேன் சார். அவன்தான் வந்து மாத்தணும். கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல? வருவான் வருவான்னு இத்தனை நாளாக் காத்திருந்தேன். வரலையே!

வீட்டுலயும் நிலைமை சரியில்லை. வசுமதி என்கிட்ட பேசறதில்லை. அந்த விழா அன்னியிலேர்ந்து. எல்லாத்தையும் ஃப்ரிட்ஜுகிட்டதான் சொல்றா. "பால் தீந்துடுச்சு"ம்பா, ஃப்ரிட்ஜைப் பாத்து. "டாக்டர் நாளைக்கு வரச் சொன்னாரு"ம்பா, ஃப்ரிட்ஜைப் பாத்து. நான் ஃப்ரிட்ஜு பக்கத்துல நின்னுக்கிட்டு, சரி சரிம்பேன். சண்டை போட்டாப் பதில் சொல்லலாம். எனக்குப் பதில் சொல்ல வராதா? பேசாம இருக்கறவகிட்ட என்னன்னு பேசறது?

வேதவல்லியை இங்க வரக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அங்க போகக்கூடாதுன்னும் நான்தான் சொன்னேன். ஒரு பக்கம் சண்டைன்னா குடும்பத்தோடதானே சண்டை? ஆனா ஒண்ணு சார்... உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன... வசுமதிக்கு இந்த ஊர்ல வேற யாரும் இல்லை. அவ அம்மாவுக்கு பாஸ்போர்ட்டு வர்றதுக்குள்ள புள்ளை பள்ளிக்கூடம் போயிடும். ஆஸ்பத்திரியில கூட இருக்கறது, பத்தியம் போடறது, குளிப்பாட்டறது, எல்லாம் நான் பாத்துக்கறேன் வசுன்னு சொன்னவ வேதவல்லிதான். அவளும் ரெண்டு பெத்தவ. ஒம்பதாம் மாசம் வளைகாப்பு பண்ணணும்னு ஊர்லேர்ந்து கண்ணாடி வளையல் வரவழைச்சு வெச்சிருந்தா. அதுக்குக் குறிச்ச வெள்ளிக்கிழமை வந்துச்சு, போச்சு. வளையல் போடலைன்னா புள்ளை பொறக்காதான்னு நான் கேட்டேன். வசு சும்மா கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். எனக்கென்ன நெஞ்சுல ஈரம் இல்லையா? லைட்டுலதான் இருக்குன்னு நினைச்சீங்களா?

சரி, புது லைட்டை எடுங்க, அந்த அட்டைப் பொட்டியில. ராத்திரி பூரா டிக்கியிலயே கெடந்துச்சு, ஐஸுக் கட்டி மாதிரி இருக்கும், கையுறையோட புடிங்க. பின்னாடி மூணு கால் இருக்கா? ஒயர்ல சொருகணும். ஆங்... வளையம்... ஸ்க்ரூ ஒண்ணு... ரெண்டு... மூணாவது எங்க? உங்க காலுக்குக் கீழயா? எடுங்க. முடிஞ்சுது! இருங்க, உள்ள போய் ஸ்விட்ச்சைப் போடறேன்...

எரியுதா? எரியுது! பிரமாதம்! அந்தச் சுவரு முழுக்க வெளிச்சம் பாருங்க சார், கல்யாண வீடு மாதிரி! மெக்கானிக் வேண்டாம், ரகுநாதன் வேண்டாம். அணைக்கல, எரியட்டும், கொஞ்ச நேரம் கண் குளிரப் பாத்துக்கறேன்.

என்ன கேட்டீங்க? எப்பலேர்ந்து எரியலையா? ஏன், வந்தப்ப நல்லாத்தான் எரிஞ்சுது. டிசம்பர் மாசம் பூரா ரெண்டும் எரிஞ்சுது. புது வருஷத்தன்னிக்கு ஏர்போர்ட்டுக்குப் போனேன், ரெண்டும் எரிஞ்சுது. ஜனவரியில... பொங்கல் வரைக்கும் எரிஞ்சுது. ஏன்னா பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி கரும்பு தேடி கென்சிங்டன் மார்க்கெட்டெல்லாம் சுத்தினேன். கரும்பு கெடைக்கல, செலரின்னு ஒரு கீரைத் தண்டு வாங்கிட்டு வந்தேன். நிக்க வெச்சா அதுவும் ஒரு மாதிரி கரும்பு மாதிரிதான் இருக்கு.

இதைக் கேளுங்க! இந்த வண்டியை நான் எப்படி வெச்சிருந்தேன்னு உங்களுக்குத் தெரியணும். நாளைக்கு எவனும் வந்து கல்யாணசுந்தரம் சரியாப் பாத்துக்கலைன்னு சொல்லிடக் கூடாது. மாட்டுப் பொங்கல் வந்துச்சா? இந்த ஊர்ல மாட்டுக்கு எங்க போறது? நமக்கு உழைக்கறது எது? வண்டி. அப்ப இதுதான் நம்ம மாடு. ஊர்ல டிராக்டருக்குப் பண்றதில்லையா? மாட்டைக் குளிப்பாட்டாம பொட்டு வெக்க முடியுமா? முடியாது. ஆனா அன்னிக்குக் குளிரு எப்படின்னா, துப்பினா தரையில விழறதுக்குள்ள கல்லாயிடும். பச்சைத் தண்ணியை ஊத்தினா வண்டி அப்படியே உறைஞ்சுடும். நான் யாரு? இன்ஜினீயர். அடுப்புல நாலு பாத்திரம் வெச்சு, கொதிக்கக் கொதிக்க, லிஃப்டுல பக்கெட்டு பக்கெட்டா இறக்கினேன் சார்! ஆவி பறக்குது! லிஃப்டுல இருந்த கிழவி மூக்குக் கண்ணாடி மூடிப் போய் வேற மாடியில இறங்கிட்டா. மொதல் பக்கெட்டு நேரா மூஞ்சிக்கு, இந்தப் பக்க லைட்டு மேல, பனியெல்லாம் சொர்ர்ர்ருன்னு வழிஞ்சு ஓடுது. அப்புறம் சந்தனம், குங்குமம், ரெண்டு சைடு கண்ணாடிக்கும் கொம்பு மாதிரி ரிப்பனு. "பொங்கலோ பொங்கல்"னு நான் கத்தினதுல பில்டிங் சூப்பரின்டெண்டு தீப்பிடிச்சுதான்னு ஓடி வந்துட்டான்.

என்ன சார் முழிக்கறீங்க? என்னது... கண்ணாடியா? கொதிக்கற தண்ணியா? விரிசலா? அட நீங்க வேற! இது என்ன டீக்கடை கிளாஸா? சூட்டைத் தாங்கற கண்ணாடி சார். உள்ளயே லைட்டு எரியுது, அந்தச் சூட்டுல உடையாதது நம்ம வெந்நீருக்கா உடையும்? வெப்பத்துக்குப் பொருள் விரியும், குளிருக்குச் சுருங்கும், இது மூணாங்கிளாஸ் பாடம். அது எனக்குத் தெரியாதா? காலேஜ்ல அந்தப் பேப்பர்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு. ரகு எனக்கு அடுத்தது. ஒரு பக்கம் விரிஞ்சு ஒரு பக்கம் சுருங்கினாத்தான்... அதாவது வெளிய சூடும் உள்ள குளிரும் ஒரே நேரத்துல... அது வேற விஷயம். அது புஸ்தகத்துல. இல்ல, உங்களுக்கு நம்பிக்கை வரல. தலையை ஆட்டறீங்க, ஆனா கண்ணு ஆடல. எனக்கு அரைகுறை சந்தேகத்தோட ஒருத்தரை அனுப்பற பழக்கம் கிடையாது. ஃப்ளாஸ்க்குல இன்னும் மிச்சம் இருக்கில்ல? குடுங்க இப்படி. என்னத்துக்குக் கையைப் புடிக்கறீங்க, விடுங்க சார்! பாருங்க, உங்க கண்ணு முன்னாடியே ஊத்தறேன். இதோ... ஒண்ணும் ஆகல. பாத்தீங்களா? இன்னும் கொஞ்சம்... ஒண்ணுமே ஆக...

டிக்குன்னுது.

...உங்களுக்கும் கேட்டுதா?

வெள்ளையாப் புகையுதே. உள்ள... சார், உள்ள புகையுது. அணைஞ்சு போச்சு.

டார்ச்சைக் காட்டுங்க. கிட்ட... இதோ ஓடுது. மயிர் கனம்தான். மேலேர்ந்து கீழ வரைக்கும். அதுலயும்... அந்தப் பழசைக் கொண்டாங்க. திருப்புங்க. இதுலயும் அதே எடம். அதே மாதிரி கோடு. நான் இதை மேல் கீறல்னு நினைச்சேன் சார். சத்தியமா.

பேசாதீங்க. நீங்க எங்க பேசினீங்க. நான்தான்...

அவ சொன்னா சார். அன்னிக்கு நான் மொதல் பக்கெட்டைத் தூக்கறப்போ, அவ வயித்தைப் புடிச்சுக்கிட்டு அடுப்படியில நின்னா. "கண்ணாடி டம்ளர்ல காபி ஊத்தறதுன்னாலே நான் ஸ்பூனைப் போட்டுட்டு ஊத்தறேன், நீங்க என்னங்க பக்கெட்டோட போறீங்க"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காருக்கு ஸ்பூன் போட்டுக்கறேன், நீ போய்ப் பொங்கலைக் கிளறு"ன்னேன். சொல்லிட்டுச் சிரிச்சேன் வேற.

அவளுக்குத் தெரியும் சார். அந்தச் சபையில நான் மைக்கைப் புடிச்சு, தர்மவான், தரகர்னு... அவ மூணாவது வரிசையில உக்காந்திருந்தா. எல்லாரும் கை தட்டறாங்க, அவ மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எந்திரிச்சு ஒரு வார்த்தை, "சுடுதண்ணி ஊத்தினது இவருதான்"னு சொல்லியிருந்தா நான் எங்க போய் முகத்தை வெச்சுக்குவேன்? சொல்லலை. அத்தனை பேர் முன்னாடி என்னை விட்டுக் குடுக்கலை. வீட்டுக்கு வந்தும் சொல்லலை. நானா எப்ப உணருவேன்னு பாத்துக்கிட்டு, ஃப்ரிட்ஜுகூட பேசிக்கிட்டு இருக்கா. இருக்கற ஒரே ஒரு சிநேகிதியையும் இழந்துட்டு. எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு சார்.

கடை மூடியிருப்பான். இனிமே திங்கக்கிழமைதான். இன்னிக்கு ராத்திரி வலி வந்தா... எதிர் டவர் வாசல்ல நிக்குது பாருங்க, ரகுவோட நீல வண்டி. ரெண்டு லைட்டும் நேராப் பாக்கற வண்டி. வாங்க. இல்ல, நீங்க கூட வரணும். தனியாப் போனா நான் கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடுவேன், எனக்கு என்னைத் தெரியும். பால் அங்கயே இருக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க.

பாத்து வாங்க, வழுக்கும். என்ன சொல்றது சார்? "ரகு, ஒரு சின்ன தப்பு நடந்து போச்சு"ங்கலாமா? சின்னதா? "நடந்து போச்சு"ன்னா யாரு நடத்தினான்னு கேப்பான். "ரெண்டு பேர் பக்கமும்"னு ஆரம்பிச்சா... அவன் பக்கம் என்ன இருக்கு, வண்டி குடுத்ததா? மைக்கு இருந்தா எனக்கு வார்த்தை கொட்டும். இப்ப ஒண்ணு கூட வரலையே. லிஃப்டுல ஆறை அமுக்குங்க. ஏன் இவ்வளவு சீக்கிரம் போகுது இது? நம்ம டவர்ல எவ்வளவு நேரம் ஆகும்!

இதான் கதவு. பெல்லை நீங்க அடிங்களேன்... அடிச்சுட்டீங்களா! அதுக்குள்ளயா!

வேதவல்லித் தங்கச்சி... நல்லா இருக்கீங்களா. இல்ல, சும்மா... இவரு நம்ம டவருக்குப் புதுசா வந்திருக்காரு. இவரு பேரு... உங்க பேரு என்ன சார்? ஆங், அது. இவரு ரகுகிட்ட ஏதோ சொல்லணுமாம். லைட்டு சம்பந்தமா. சொல்லுங்க சார். சொல்லுங்களேன்! இவ்வளவு நேரம் வழியெல்லாம் லொடலொடன்னு பேசிக்கிட்டே வந்தாரு தங்கச்சி, இங்க வந்ததும் பாருங்க, வாயே திறக்க மாட்டேங்கறாரு...

வசுவா? வசு... இருக்கா. நல்லாத்தான்... இல்ல தங்கச்சி. தனியா இருக்கா. டாக்டர் இந்த வாரம்னுட்டாரு. வலியெல்லாம் இன்னும் இல்லை, ஆனா நேத்துலேர்ந்து இடுப்பைப் புடிச்சுக்கிட்டே நடக்கறா, என்கிட்ட சொல்ல மாட்டேங்கறா. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. நீங்க வரக்கூடாதுன்னு நான் சொன்னது... அது... தங்கச்சி! கோட்டு! கோட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க! வீட்டுச் செருப்போட பனியில... சார், ஓடிப் போய் அந்த... லிஃப்ட்டு மூடிடுச்சா. வேற எதுவுமே கேக்கல பாத்தீங்களா. வசு எப்படி இருக்கான்னு மட்டுந்தான் கேட்டுச்சு.

ரகு.

ஏன்டா அங்கயே நிக்கற. கிட்ட வாடா. சார், நீங்க கெளம்புங்க, ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன். ரகு... நான்தான்டா. மாட்டுப் பொங்கலுக்கு வண்டியைக் குளிப்பாட்டினேன், சுடுதண்ணியில. இப்ப கீழ இன்னொரு லைட்டையும் உடைச்சுட்டு வரேன். இவரைக் கேளு. அந்தச் சபையில நான் பேசினது அத்தனையும்... எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலைடா.

திட்டுடா. நல்லாத் திட்டு. நான் நடுவுல பேசல.